கிரீம் சோடா ஆர்டர் எடுத்து நான் பட்ட பாடு

திருச்சியில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வீட்டிலிருந்து கேக் விற்பவர்களுக்கு வருமானம் பாதியாகிவிடும். பட்டர் கிரீம் டெலிவரிக்குப் போகும் வழியிலேயே வழிந்துவிடுகிறது. எல்லாரும் ஆர்டர் தரப் பயப்படுகிறார்கள், தந்தால் எடுக்க எனக்குப் பயம். அந்த இரண்டு மாதத்தை எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கிரீம் சோடா வீடியோக்கள் கண்ணில் பட்டன. கொரியாக்காரர்களின் மில்கிஸ் என்ற பால் சுவை சோடா, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'டர்ட்டி சோடா' என்று தேங்காய் சிரப்பும் கிரீமும் ஊற்றி விற்கும் கடைகள், இத்தாலியன் கிரீம் சோடா என்று கண்ணாடி டம்ளரில் மேகம்போல் இறங்கும் வெள்ளை. எல்லா வீடியோவும் முப்பது வினாடிதான். சிரப், ஐஸ், சோடா, மேலே கிரீம், அவ்வளவுதான். கேக்கில் அரை நாள் நிற்பவளுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது.

வீட்டில் செய்து பார்த்தபோது நன்றாகவே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குழப்பமே அங்கேதான். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு கப் தண்ணீர் வைத்துக் காய்ச்சி, ஆறியதும் வெனிலா எசன்ஸ் விட்ட சிரப் ஒன்று. நன்னாரி வேரைத் தட்டி ஊறவைத்து எடுத்த சாற்றில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சியது இன்னொன்று. டம்ளரில் இரண்டு ஸ்பூன் சிரப், ஐஸ், முக்கால் டம்ளர் குளிர்ந்த சோடா, மேலே இரண்டு ஸ்பூன் கிரீம். நன்னாரி கிரீம் சோடாவைக் குடித்துவிட்டு என் பையன் ஜிகர்தண்டாவில் யாரோ சோடா ஊற்றிய மாதிரி இருக்கிறது என்றான். பக்கத்து ஃபிளாட்டில் இரண்டு டம்ளர் கொடுத்தேன். அவர்கள் தங்கை வீட்டில் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், உறையூரில் ஒரு சின்ன ஹால், 80 பேர். "அக்கா, ஜூஸுக்குப் பதில் இதையே வெச்சிடுவோம், நீங்களே பண்ணிக் கொடுத்துடுங்க" என்றார்கள். கப் 60 ரூபாய் என்று பேசி, 2,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கினேன். வீட்டுக்காரர் அப்போது சென்னையில் வேலை, பையனுக்குப் பரீட்சை. எல்லாம் நான் ஒருத்திதான்.

அடுத்த போனில் ஒரு சின்ன மாற்றம் சொன்னார்கள். ஹால் அலங்காரம் பிங்க், பச்சை, நீலம் என்பதால் சோடாவும் அந்த மூன்று கலரில் வேண்டும். இதிலென்ன இருக்கிறது என்று ஸ்ட்ராபெரி கிரஷ், கிரீன் ஆப்பிள் சிரப், ப்ளூ குராசோ சிரப் மூன்றும் வாங்கினேன், 1,300 ரூபாய். இந்த இடத்தில் யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படி" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விசேஷத்தன்று காலையில், ஹாலில் வேலை குறையட்டும் என்று, மூன்று சிரப்பையும் தனித்தனியாகக் கிரீமுடன் கலந்து பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். சோடாவை முந்தின இரவே மெஷினில் அடித்து வைத்திருந்தேன். ஆமாம், மெஷின். வீட்டிலேயே சோடா தயாரிக்கும் மெஷின் ஒன்றை 8,500 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியிருந்தேன், அதன் கதை தனி, பின்னால் வருகிறது. மதியம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் ஏற்றினேன். ஹாலில் இறக்கிப் பாட்டிலைத் திறந்தபோதே கிரீன் ஆப்பிள் கலவை ஊற்ற வரவில்லை, தயிர்ப் பதத்துக்குக் கெட்டியாகியிருந்தது. ஸ்பூனால் எடுத்துப் போட்டுச் சோடாவை ஊற்றினேன். வெள்ளைத் துணுக்குகள் திப்பி திப்பியாக மேலே வந்தன. ஸ்ட்ராபெரி அதைவிட மோசம், பிங்க் தண்ணீரில் மோர் திரிந்தது போல. குழந்தையின் பாட்டி வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பால் கெட்டுப்போச்சா? பிள்ளைங்களுக்குக் கொடுத்துடாத" என்று மெதுவாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கேக் தொழிலில் இத்தனை வருடம் சேர்த்த பெயர் அந்த மேஜையில் மிதக்கிறது என்று தோன்றியது. அழுகையை அடக்கிக்கொண்டு ஏப்ரனைக் கழற்றினேன்.

ஹாலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சோடா கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் ஒரு அறை, ஒரு மெஷின், கிரேட் கிரேட்டாகப் பாட்டில். ஓடிப்போய்ப் பன்னீர் சோடாவும் கலரும் வாங்கி ஏற்றினேன், 1,100 ரூபாய். அங்கிருந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஏம்மா, பாலும் புளிப்பும் ஒரே கிளாஸ்ல நிக்குமா? கலர்னாலே எலுமிச்சை உப்பு உண்டு. எங்க பன்னீர் சோடாவுலயும் போட்டிருக்கேன். பால் ஊத்துறதா இருந்தா வெறும் சோடா வாங்கிக்க" என்றார். எலுமிச்சை உப்பு என்று அவர் சொன்னது சிட்ரிக் ஆசிட். வீட்டுக்கு வந்ததும் மூன்று பாட்டிலையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் பொடி எழுத்தில் ஐஎன்எஸ் 330. அந்த எண்தான் சிட்ரிக் ஆசிட்.

அதன் பிறகு தேடித்தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது. பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். பாலின் பிஎச் அளவு 6.6, 6.7 வாக்கில் இருக்கும். அது 4.6-க்குப் பக்கத்தில் இறங்கினால் பாலில் இருக்கும் கேசின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிந்துவிடும். தயிர் உறைவதும் அதனால்தான், பனீர் எடுக்க எலுமிச்சை பிழிவதும் அதற்காகத்தான். கோலா வகைகளின் பிஎச் 2.5 சுமார், எலுமிச்சைச் சுவைப் பானங்கள் மூன்றை ஒட்டி. வெறும் சோடாவும் அமிலம்தான், தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு கார்பானிக் அமிலம் ஆகிறது. ஆனால் அது பலவீனமான அமிலம், கொஞ்சம் பாலே அதைச் சமாளித்துவிடும். அதனால்தான் நியூயார்க்கில் எக் கிரீம் என்று ஒரு பானத்தைக் காலங்காலமாகச் சிரமமில்லாமல் குடிக்கிறார்கள். அதில் முட்டையும் கிடையாது, கிரீமும் கிடையாது. பால், சாக்லேட் சிரப், வெறும் சோடா மட்டும்தான். என் வெனிலாவும் நன்னாரியும் வீட்டில் திரியாததன் ரகசியமும் இதுவே, நான் காய்ச்சிய சிரப்பில் புளிப்பே இல்லை. நன்னாரி சர்பத்துக்கு வழக்கமாக எலுமிச்சை பிழிவோம், பால் ஊற்றுவதால் அன்றைக்கு நான் பிழியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. கடையில் வாங்கும் ரோஸ் சிரப்பில்கூடப் பெரும்பாலும் சிட்ரிக் ஆசிட் இருக்கிறது, ரோஸ் மில்க் ஏன் திரிவதில்லை? அளவுதான் காரணம். ஒரு டம்ளர் பாலில் இரண்டு ஸ்பூன் சிரப் என்றால் அமிலத்தை அடக்கப் பால் நிறைய இருக்கிறது. கிரீம் சோடாவில் அது தலைகீழ், சிரப்பும் இரண்டு ஸ்பூன், கிரீமும் இரண்டு ஸ்பூன். பஞ்சாபிலும் பாகிஸ்தானிலும் நோன்புக் காலத்தில் தூத் சோடா என்று எலுமிச்சைச் சுவைப் பானத்தைப் பாலில் ஊற்றியே குடிக்கிறார்கள். அதில் பால் பாதிக்கு மேல், இரண்டும் ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும், கலந்த உடனே குடித்து முடித்துவிடுவார்கள். நான் என்ன செய்தேன்? புளிப்புச் சிரப்பையும் கிரீமையும் காலை முதல் மதியம் வரை ஒரே பாட்டிலில் அடைத்து வைத்திருந்தேன். அது திரியாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அப்படியானால் யூட்டாக்காரர்கள் டர்ட்டி சோடாவுக்குக் கோலா போன்ற கருப்பு நிற சோடாவில் கிரீம் ஊற்றுவது எப்படி? அங்கே செயின்ட் ஜார்ஜ் ஊரில் 2010-ல் ஸ்விக் என்ற கடை ஆரம்பித்து வைத்த மோகம் இது. மார்மன் மதத்தினர் அதிகமுள்ள பகுதி, மதுவும் காபியும் அவர்களுக்கு விலக்கு, அதனால் சோடாக் கடைதான் அவர்களுக்கு டீக்கடை. அங்கே பலர் ஊற்றுவது காபிக்குப் போடும் கிரீமர். அதில் புரதம் பிரியாமல் இருக்கப் பாஸ்பேட் உப்புகள் சேர்த்திருப்பார்கள். நம் ஊர்ப் பாக்கெட் கிரீமில் 25 சதவீதம் கொழுப்பு. கொழுப்பு கூடக் கூடத் திரியும் வாய்ப்பு குறைகிறது, காரணம் கேசின் பங்கு குறைவது. பாலை மட்டும் ஊற்றினால் சீக்கிரம் திரியும், பாக்கெட் கிரீம் அதைவிடத் தாங்கும், 35 சதவீதம் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் இன்னும் தாங்கும். அன்று நான் செலவைக் குறைக்கக் கிரீமில் பாதிக்குப் பாதி பால் கலந்திருந்தேன். மிச்சமானது 200 ரூபாய்கூட இருக்காது.

தேங்காய்ப் பால் ஊற்றினால் திரியாது என்று ஒரு அக்கா சொன்னார்கள். செய்து பார்த்தேன், அதுவும் புளிப்பில் பிரிகிறது, கொஞ்சம் தாமதமாக. இன்னொருவர் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடு, புளிப்பு அடங்கும் என்றார். அடங்குகிறதுதான். கூடவே டம்ளர் பொங்கி வழிகிறது, வாயில் உப்புக் கரிக்கிறது, ஸ்ட்ராபெரி ஸ்ட்ராபெரியாக இல்லை. கண்டென்ஸ்டு மில்க் பரவாயில்லை, ஆனால் சிரப்பின் இனிப்போடு சேர்ந்தால் திகட்டும், சிரப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். கலர் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு நான் கண்ட நல்ல வழி ஐஸ்கிரீம்தான். அதில் குவார் கம், காராஜீனன் போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதால் புளிப்பைத் தாங்குகிறது. திரிந்தாலும் நுரைக்குள் மறைந்துவிடும். டம்ளரில் கலர் சோடா, மேலே ஒரு உருண்டை வெனிலா. ஜப்பானில் கிரீம் சோடா என்றாலே பச்சை மெலன் சோடாவின் மேல் ஐஸ்கிரீம் வைப்பதுதான். இது முன்பே தெரிந்திருந்தால் உறையூரில் தப்பித்திருப்பேன். கிரீமே ஊற்ற வேண்டும் என்றால் கிரஷ் வாங்காதீர்கள். புளிப்பில்லாத சர்க்கரைச் சிரப்பில் ஸ்ட்ராபெரி எசன்ஸும் அனுமதிக்கப்பட்ட ஃபுட் கலரும் போட்டுக்கொள்ளுங்கள். பழச் சுவை குறையும்தான், துணுக்கு மிதக்காது.

இனி மெஷின். அதன் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. சிலிண்டரில் 410 கிராம் கேஸ், 60 லிட்டர் வரை சோடா வரும் என்று போட்டிருந்தது. கடைக் கோலா அளவுக்குச் சுள்ளென்று இருக்க ஒரு லிட்டருக்கு 7 கிராம் கேஸாவது தண்ணீரில் கரைந்திருக்க வேண்டும். 410-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 60-கூட வராது. அதுவும் ஒரு துளி வீணாகாமல் இருந்தால். நிஜத்தில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பாட்டிலைக் கழற்றும்போதும் கேஸ் புஸ்ஸென்று வெளியே போகிறது. எனக்கு அதில் பாதி வந்ததே பெரிய விஷயம். தீர்ந்ததும் மாற்று சிலிண்டருக்குப் போன் செய்தால், திருச்சியில் எக்ஸ்சேஞ்ச் வசதி இல்லை என்றார்கள். சும்மா ஒரு கூரியரில் போட்டு அனுப்பவும் முடியாது, அழுத்தமான கேஸ் என்பதால் பலர் எடுக்கவே மாட்டார்கள். மெஷின் வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஊரில் சிலிண்டர் மாற்றித் தருகிறார்களா என்று கடைக்காரரை நேரில் கேளுங்கள். ஆம் என்று சொன்னால், கடைசியாக யாருக்கு மாற்றிக் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள்.

கேஸ் எப்படிப் போகிறது என்பதும் அன்றுதான் உறைத்தது. சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அதில் பாதிதான், 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூட இல்லை. திருச்சி ஏப்ரலில் மேல்தொட்டித் தண்ணீர் எவ்வளவு சூடு என்று உங்களுக்குத் தெரியும். சமையலறைக் குடத்துத் தண்ணீரில் அழுத்தினால் கேஸ் தண்ணீருக்குள் போகாமல் காற்றில்தான் போகும். இரவு முழுதும் ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீரில் மட்டும் அடியுங்கள். அடித்த சோடாவைப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள், மேலே காலி இடம் இருந்தால் கேஸ் அங்கே ஏறி உட்கார்ந்துகொள்ளும், மூடியைத் திறந்ததும் போயே போய்விடும். நான் முக்கால் பாட்டிலாக நிரப்பி, வெயிலில் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போயிருந்தேன். திரிந்தது போதாதென்று சோடாவில் சுரீரென்ற பிடிப்பும் இல்லை.

இன்னொன்று, மெஷினில் வெறும் தண்ணீரைத் தவிர எதையும் அடிக்காதீர்கள். பாலையே நேராக அடித்துக் காட்டும் வீடியோ ஒன்று உண்டு. பாலின் புரதம் நுரையை உடையவிடாது, பொங்கி நாசிலுக்குள் ஏறும், அழுத்தம் வெளியேறும் வால்வை அடைத்தால் அது ஆபத்து. என் சமையலறைக் கூரையில் இன்னும் ஒரு கறை இருக்கிறது. விப்பிங் சைஃபன், அதாவது கேஸ் அழுத்தத்தில் கிரீமை நுரைக்க வைக்கும் பாட்டில், வைத்திருப்பவர்கள் கேஸ் குப்பியைக் கவனித்துப் போடுங்கள். கிரீமுக்கான குப்பியில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, சோடாவுக்கானதில் கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி 8 கிராம் குப்பிதான். மாறிப்போனால் சோடா காரம் இல்லாமல் லேசாக இனிக்கும்.

மொத்தக் கணக்கு: கிரீம், பால் 600, சிரப் 1,300, கப், ஸ்ட்ரா 500, ஆட்டோ போய்வர 400, சோடா கம்பெனிக்கு 1,100. ஆக 3,900 ரூபாய். அட்வான்ஸ் 2,000-ஐ அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன், பாக்கியைக் கேட்கவில்லை. மெஷின் 8,500 இதில் சேர்த்தி இல்லை. இதில் எரிச்சல் என்னவென்றால், 80 கப்புக்கு, கப்புக்கு 150 மில்லி என்று வைத்தால் 12 லிட்டர் சோடாதான் வேண்டும். பெட்டிக்கடையில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் முக்கால் லிட்டர் சோடா பாட்டில் 16 வாங்கினால் போதும், 320 ரூபாய். ஒரு பாட்டிலைத் திறந்தால் ஐந்து கப், கேஸ் போவதற்குள் தீர்ந்துவிடும். இதற்காக மெஷின் வாங்கியவளை என்னவென்று சொல்வது!

இப்போதும் கிரீம் சோடா ஆர்டர் எடுக்கிறேன், நிபந்தனைகளோடு. 40 பேருக்கு மேல் என்றால் ஊற்றித் தர எனக்கு ஒரு ஆள் உதவிக்கு வேண்டும், ஏனென்றால் எதையும் முன்கூட்டிக் கலப்பதில்லை. சிரப் தனி, கிரீம் தனி, சோடா மூடி திறக்காமல். டம்ளரில் முதலில் சிரப், பிறகு ஐஸ், பிறகு டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாகச் சோடா, கடைசியில் ஸ்பூனின் முதுகில் விட்டுக் கிரீம். டம்ளரில் இரண்டு விரல் இடம் விட வேண்டும், கிரீம் பட்டதும் நுரை எழும்பும். கிரீம் ஐஸ் பெட்டியிலேயே இருக்கும், தேவைக்கு மட்டும் எடுப்பேன். நம் வெயிலில் மேஜையில் ஒரு மணி நேரம் நின்ற கிரீமை மிச்சமென்றாலும் கொட்டிவிடுகிறேன். வீட்டில் காய்ச்சும் சிரப், சர்க்கரைக்குச் சமம் தண்ணீர் என்றால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் போல நிற்கும். வெளியில் வைத்தால் புளித்து மூடியைத் தள்ளும், பழம் சேர்த்த சிரப் என்றால் இன்னும் சீக்கிரம். புதுச் சிரப் எதுவானாலும், வீட்டிலேயே அந்தப் பாட்டிலிலிருந்தே ஒரு கப் கலந்து அரை மணி நேரம் மேஜையில் வைத்துப் பார்க்கிறேன், திரியவில்லை என்றால்தான் மெனுவில் சேரும்.

வெனிலா, நன்னாரி, கருப்பட்டி, ஃபில்டர் டிகாஷன், இந்த நான்கும்தான் இப்போதைக்கு என் மெனு. டிகாஷனில் புளிப்பு உண்டு, ஆனால் கிரீமைத் திரிக்கும் அளவுக்கு இல்லை. அதில் சோடா ஊற்றும்போது நுரை தறிகெட்டு ஏறும், மெதுவாகத்தான் ஊற்ற வேண்டும். கருப்பட்டிப் பாகை நன்றாக ஆறவைத்து, வடிகட்டி, குளிரவைத்துத்தான் சேர்க்கிறேன், வெல்லப் பாயசத்தில் சூடாகப் பாலை ஊற்றினால் என்ன ஆகும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். கப் 70 ரூபாய். ஐஸ்கிரீம் வைத்த கலர் சோடா 90. மெஷின் அட்டைப் பெட்டியோடு பரணில் இருக்கிறது. சிலிண்டர் மாற்றித் தரும் ஊரில் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.